நாலாயிரம் ரூபாய்: ஓர் ஒப்பந்த வாசகத்தை வாசித்தல்

1

பணத்தைப் பற்றி நாம் அதிகம் எழுதியதில்லை. மூலதனத்தைப் பற்றி எழுதியிருக்கிறோம், பக்கம் பக்கமாக. மூலதனம் வேறு, காசு வேறு. மூலதனத்துக்குக் கோட்பாடு உண்டு; டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய சேலைக்குக் கீழே மடித்துவைத்த காசுக்குக் கோட்பாடு கிடையாது. ஒரு மனுஷி முப்பது வருஷம் உழைத்து மிச்சம் பிடித்ததை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எப்படிக் கொண்டுபோகிறாள் என்பது நமக்கு வங்கிக் குமாஸ்தாவின் கேள்வியாகவே பட்டிருக்கிறது. அது அரசியல் கேள்வி, இன்னும் சொன்னால் வரலாற்றுக் கேள்வி என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மலையகத் தோட்டங்களில் நாடற்றவர்களாகக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுக்கும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். (பிறகு 1974இல் பேசினார்கள், ஆளுக்குப் பாதி, 75,000 என்று.) எல்லாம் 15 வருஷத்துக்குள் முடிய வேண்டும். இந்த எண்களைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. சம்பந்தப்பட்ட மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பங்கு பிரித்த கதை என்று தொழிற்சங்கத்தார் அன்றே சொன்னார்கள். அதில் மறுக்க ஒன்றுமில்லை.

ஆனால் அந்த உடன்பாட்டில் ஆட்களின் எண்ணிக்கை மட்டும் இல்லை. ரூபாயின் எண்ணிக்கையும் இருக்கிறது. இந்தியா போகிறவர்கள், கடைசியாகப் புறப்படும் சமயத்தில், சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தங்கள் உடைமை எல்லாவற்றையும் எடுத்துச்செல்லலாம். அது அவ்வப்போது நடைமுறையில் உள்ள செலாவணிக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்டது. ஒரு குடும்பம் எடுத்துச்செல்லக்கூடிய உச்சத் தொகை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது. இதுதான் வாசகத்தின் சாரம். வரலாற்று நூல்களில் இது அடிக்குறிப்பாகக்கூட வருவது அபூர்வம். இங்கே இதையே பிரதியாக எடுத்துக்கொள்கிறேன்.

2

தமிழ் படித்தவன் என்பதால் இலக்கணத்திலிருந்தே தொடங்குகிறேன். மேலுள்ள வாசகத்தில் 4,000 என்பது என்ன? அவ்வளவு கொடுப்போம் என்ற வாக்குறுதியா? கிடையாது. அவ்வளவுதான் விடுவோம் என்ற வரம்பா? அதுவும் முழுக்கச் சரியில்லை. இது உச்சவரம்புக்கு விதித்த கீழ்வரம்பு. அதாவது, 'உனக்கு ஒரு மேல்கூரை போடுவோம். கூரையை இந்த உயரத்துக்குக் கீழே இறக்க மாட்டோம்' என்று இரண்டு அரசுகள் தமக்குள் ஒத்துக்கொள்கின்றன. யாருடைய தலைக்கு மேல் கூரையோ அந்த ஆள் இந்த வாக்கியத்தில் எழுவாயாக இல்லை. அனுமதிப்பது ஓர் அரசு, ஒப்புக்கொள்வது இன்னோர் அரசு. உழைத்தவர் செயப்படுபொருள்; அவருடைய சேமிப்போ அடைமொழிக்குள் ஒடுங்கிவிடுகிறது.

இதே உடன்பாட்டில் இன்னும் இரண்டு இடங்களைச் சேர்த்து வாசிக்க வேண்டும்.

ஒன்று, வேலை பற்றியது. கையெழுத்தான நாளில் வேலையில் இருந்தவர்கள், நாடு அனுப்பப்படும் நாள் வரையோ 55 வயது ஆகும் வரையோ, எது முந்துகிறதோ அதுவரை வேலையில் தொடரலாம். அதாவது 'நாடு திரும்புதல்' என்று சொல்லப்பட்டது, சட்டத்தின் கண்ணில், ஓய்வு பெறுதலோடு கட்டப்பட்ட விஷயம். வேலை முடிந்தது, இனி இங்கே என்ன வேலை என்பதுதான் உள்ளுறை. தேயிலைச் செடிக்கும் இப்படித்தான். வயசாகிவிட்டால் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுநடவு செய்வார்கள்.

இரண்டு, இடைக்காலம் பற்றியது. இந்தியா போகக் காத்திருப்பவர்களுக்கு, இலங்கையில் இருக்கும்வரை, மற்ற நாட்டுப் பிரஜைகளுக்குள்ள வசதிகள் எல்லாம் உண்டு. பணம் அனுப்பும் வசதி மட்டும் கிடையாது. இந்த விதிவிலக்கு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பணம் உடம்புக்கு முன்னால் கடலைத் தாண்டக் கூடாது. 1968இல் இந்தியக் கடவுச்சீட்டு வாங்கிவிட்டு 1973இல் கப்பல் ஏறப்போகிற ஒருவர், அந்த ஐந்து வருஷத்தில் ஊரில் ஒரு குழி நிலம் வாங்கவோ, கூரை மேயவோ, முறைப்படி பணம் அனுப்ப முடியாது. போகும்போது கூடவே கொண்டுபோகலாம். உடம்பு இறங்கும் நாளில்தான் காசும் இறங்கும். குடியேற்றத்துக்குத் தயாராவது என்பதே இதனால் தடுக்கப்படுகிறது. வந்து இறங்குகிற ஒவ்வொருவரும் நிலமில்லாதவராக, வீடில்லாதவராக, கையில் ஒரு தொகையோடு மட்டும் இறங்குகிறார். இப்படி 'அகதி போன்ற' ஒருவரை உற்பத்தி செய்ததில் வறுமைக்கு இருக்கும் பங்கு இந்தச் சட்ட வாசகத்துக்கும் இருக்கிறது.

3

எப்போதும் இப்படி இருந்ததா? இல்லை. பணத்துக்கு நடுக்கடலில் எல்லை போட்டது சமீபத்திய விவகாரம்தான்.

காப்பிக் காலத்தில் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரைப் பக்கத்து ஆட்கள் மன்னார் வழியாகக் கண்டிச் சீமைக்கு நடந்து போனார்கள். அறுவடை முடிந்ததும் பலர் திரும்பினார்கள். அங்கே புழங்கியதும் ரூபாய், இங்கே புழங்கியதும் ரூபாய். 1884இல் ஓரியன்டல் பாங்க் கார்ப்பரேஷன் திவாலானது. அதன் நோட்டுகள்தாம் அன்றைய இலங்கையில் பெருவாரியாகப் புழங்கின. கவர்னர் ஆர்தர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கப் பொறுப்பு என்று அறிவித்தார். அதே வருஷம் சட்டம் இயற்றி அரசே நோட்டு வெளியிட ஆரம்பித்தது. அந்த நோட்டுக்குப் பின்னால் நின்றது இந்திய வெள்ளி ரூபாய். ஆக, ஹட்டனில் வாங்கிய கூலி துறையூரில் அப்படியே செல்லுபடியாகும் காசு. மடியில் முடிந்து கொண்டுவரலாம், ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்பலாம், மணியார்டர் போடலாம். மாற்று விகிதம் என்ற சொல்லுக்கே வேலையில்லை.

இதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பணத்துக்கு எல்லை இல்லை என்றாலும் ஆளுக்குக் கடன் இருந்தது. கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, அரிசிக் கணக்கு எல்லாம் சேர்ந்து ஒரு தொகை. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். இன்ன கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன், இதைக் கட்டினால் இவர்களை விட்டுவிடுகிறோம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு. புதிய தோட்டம் கடனைக் கட்டும், ஆள் மாறுவார், கடன் புதிய கணக்கில் ஏறும். 1921இல்தான் சட்டப்படி துண்டு ஒழிந்தது. ஆகவே மலையகத் தொழிலாளி என்ற தன்னிலையைக் கட்டமைத்த முதல் காகிதம் ஒரு கடன் காகிதம். ஆளை இடம் மாற்றுவதென்றால் கடனை இடம் மாற்றுவது என்று அர்த்தம்.

அந்தக் காகிதத்துக்கு எதிர்க்காகிதமாக வந்தது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம். தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 4, முதலாளி 6 என்று தொடங்கியது. தோட்டத் தொழிலாளி வரலாற்றில் அவர் பேருக்கு நேராக 'வரவு' என்று அரசுக் கணக்கில் எழுதப்பட்டது இதன் மூலம்தான். இதைச் சிறிய விஷயமாக நினைக்க எனக்கு மனமில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாட்டுக் கணக்கிலிருந்து வெட்டப்பட்டவர்கள், பத்து வருஷம் கழித்துச் சேமிப்புக் கணக்கில் ஏறுகிறார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை. சேமலாபப் பட்டியலில் பெயர் உண்டு.

இதில் இன்னொரு முரண் ஒளிந்திருக்கிறது. சேமலாப நிதியின் பணத்தைப் பாதுகாப்பது மத்திய வங்கி. அந்தப் பணம் பெரும்பாலும் அரசாங்கக் கடன் பத்திரங்களில்தான் போடப்பட்டது. அப்படியென்றால், தனக்குப் பிரஜாவுரிமை தராத அரசுக்குத் தோட்டத் தொழிலாளி மாதாமாதம் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார். துண்டுக் காலத்தில் கடனாளி. சேமலாபக் காலத்தில், அவருக்கே தெரியாமல், அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர். 1964இல் அந்தக் கடன்காரர்களைத்தான் ஊரைவிட்டு அனுப்ப ஏற்பாடு நடந்தது.

அந்த நிதியிலிருந்து பணம் எடுக்கும் விதிகளையும் பாருங்கள். ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50. அதற்கு முன்னால் எடுக்க வேண்டுமென்றால் பெண் கல்யாணமாகி வேலையை விட வேண்டும், அல்லது நிரந்தரமாக உடல் முடியாமல் போக வேண்டும், அல்லது நாட்டைவிட்டே நிரந்தரமாகப் போக வேண்டும். செத்தால் வாரிசுக்கு. 1973–74இல் தோட்டங்களில் பட்டினி வந்தபோது, முப்பது வயதுக்காரர் ஒருவர் தன் சொந்தச் சேமிப்பைத் தொட விரும்பினால் அவருக்குத் திறந்திருந்த கதவு எது என்று யோசித்துக்கொள்ளுங்கள். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளியதாகத் தெரியாது. பசிக்கும் காசுக்கும் நடுவே ஒரு கப்பல் நின்றது, அவ்வளவுதான்.

4

இங்கே ஒரு ஒப்பீடு அவசியம். வேலை முடிந்து சேமிப்போடு நாடு மாறியவர்கள் இவர்கள் மட்டும் இல்லை. இதே தீவில், இதே துணைக்கண்டத்தில், வேலைசெய்து ஓய்வுபெற்றுக் கடல் கடந்த இன்னொரு கூட்டம் உண்டு: வெள்ளைக்கார அதிகாரிகள்.

அவர்களுடைய ஓய்வூதியம் எப்படிப் போனது? இந்திய வருவாயிலிருந்து லண்டனில், பவுனில் கொடுக்கப்பட்டது. தாதாபாய் நௌரோஜி செல்வ வடிகால் என்று கணக்குப் போட்டுக் காட்டியதில் இந்த ஓய்வூதியங்களும் அடக்கம். 1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 2 ஷில்லிங். வெள்ளி விலை விழுந்து விழுந்து 1890களின் நடுவில் அது 1 ஷில்லிங் 2 பென்ஸ் அளவுக்கு வந்தது. ரூபாயில் சம்பளம் வாங்கி இங்கிலாந்தில் குடும்பத்துக்கு அனுப்பிய அதிகாரிகள் கூச்சல் போட்டார்கள். 1893இல் இந்திய அரசு அவர்களுக்குச் 'செலாவணி ஈட்டுப்படி' என்று ஒன்றைக் கொடுத்தது. சம்பளத்தில் ஒரு பகுதியைச் சந்தையைவிடச் சாதகமான விகிதத்தில் கணக்கிட்டு, வித்தியாசத்தை அரசு ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டது அரசு என்றால் கட்டியது யார்? உப்புக்கு வரி கட்டியவன்.

இதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். வெள்ளைக்கார அதிகாரிக்கு நாணய மதிப்பு விழுந்தால் அது அரசாங்கத்தின் பிரச்சினை. கொழுந்து கிள்ளியவளுக்கு நாணய மதிப்பு விழுந்தால் அது அவள் தலையெழுத்து.

மூலதனக்காரர்களுக்கும் வேறு வழி இருந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் உண்டியல் முறையைச் சொல்கிறேன். கொழும்புச் செட்டியார் தெருவில் பணம் கட்டினால், ஒரு தாளின் பேரில் தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ பணம் கிடைக்கும். காசு நகராமலே மதிப்பு நகரும். நம்பிக்கையும் சாதியும் சேர்ந்து கட்டிய பாலம் அது. பர்மாவில் நிலத்தில் மாட்டிக்கொண்ட செட்டியார் மூலதனம் அழிந்தது உண்மை. 1930களின் இறுதியில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் அவர்கள் கைக்கு வந்திருந்தது, பின்னால் நாட்டுடைமையில் போனது. அந்த இழப்புக்கு வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. வைரவன்கோவிலுக்கும் காசிச் சத்திரத்துக்கும் கணக்கு எழுதிய சமூகத்துக்குத் தன் இழப்பையும் கணக்கெழுதத் தெரிந்திருந்தது. நம் மொழியில் உண்டியல் என்ற ஒரே சொல் பணம் மாற்றும் தாளையும் குறிக்கிறது, கோயிலில் காசு போடும் பெட்டியையும் குறிக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கு வாய்த்தது இரண்டாவது அர்த்தம் மட்டும்தான். போட்டால் போட்டதுதான்.

5

சரி, கணக்குக்கு வருவோம். 4,000 ரூபாய் வரம்பு எத்தனை பேருடைய சேமிப்பை வெட்டியது?

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். தினக்கூலி சராசரியாக இரண்டரை ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செக்ரோலில் வருஷத்துக்கு 300 பேர் விழுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வருஷக் கூலி 750. தொழிலாளி பங்கு 4, முதலாளி பங்கு 6, ஆக நூற்றுக்குப் பத்து: 75 ரூபாய். 1958 முதல் 1970 வரை 12 வருஷத்துக்கு 900. பெண்ணுக்கு அன்று கூலி குறைவு (தோட்டங்களில் ஆண் பெண் கூலி சமமானது 1984இல்தான்), நாளைக்கு இரண்டு ரூபாய் என்றால் 720. புருஷன் பெண்டாட்டி இருவர் கணக்கும் சேர்ந்து 1,620. வட்டி சேர்த்தால் இரண்டாயிரத்தை ஒட்டி வரலாம். பணிக்கொடை? அதற்கு நாடு தழுவிய தனிச் சட்டம் இலங்கையில் வந்தது 1983இல். உடன்பாட்டின் காலம் 1981இலேயே முடிந்துவிட்டது.

இதிலிருந்து தெரிவது என்ன? 4,000 ரூபாய் என்ற வரம்பு சாதாரணக் கூலிக் குடும்பத்தை முட்டவே முட்டாது. கூரை அவ்வளவு உயரம். ஆள் அவ்வளவு குள்ளம். கங்காணியை, கடைக்காரரை, மாடு வளர்த்துப் பால் விற்றவரை அது தடுத்திருக்கலாம். கொழுந்துக்காரிக்கு அது வெறும் எண். ஆனால் அந்த எண் பேச்சுவார்த்தை மேசையில் ஒரு வேலை செய்தது. பரவாயில்லை, வெறுங்கையோடு அனுப்பவில்லை என்று இரண்டு அரசுகளும் தத்தம் மக்களிடம் சொல்லிக்கொள்ள உதவியது. ஏழு தலைமுறை காட்டை வெட்டி மலையைச் செடியாக்கிய உழைப்பு எங்கே, சேமலாபப் புத்தகம் எங்கே? 1958க்கு முந்திய எந்த உழைப்புக்கும் அந்தப் புத்தகத்தில் பக்கம் இல்லை. 'உடைமை எல்லாவற்றையும் எடுத்துச்செல்லலாம்' என்ற தாராளம், எது உடைமை என்பதை முன்கூட்டியே சுருக்கிவிட்ட பிறகு வந்த தாராளம்.

மாற்று விகிதத்தையும் பார்த்துவிடுவோம். 1964இல் எந்த நாட்டு ரூபாய் என்று கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை, இரண்டும் சரிசமம். 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு இலங்கை ரூபாய் ஏறக்குறைய 1.57 இந்திய ரூபாய் ஆனது. 1967 நவம்பரில் இலங்கையும் குறைத்தது, 1.26 ஆனது. 1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு ரூபாயை மிதக்கவிட்டபோது டாலருக்கு 16 இலங்கை ரூபாய். இந்திய ரூபாயோ டாலருக்கு ஒன்பதை ஒட்டி. அதாவது ஒரு இலங்கை ரூபாய்க்கு அரை ரூபாய்க்குச் சற்று மேல். ஆக, அரசு விகிதத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலே 4,000 இலங்கை ரூபாய் என்பது 1966 பிற்பகுதியில் 6,300 இந்திய ரூபாய், 1968இல் 5,040, 1977 முடிவில் இரண்டாயிரத்துச் சொச்சம்.

இதில் கொடுமை, சீக்கிரம் கிளம்பியவர்களுக்குத்தான் லாபம். இழுத்தடித்தவர்கள், பிறந்த மண்ணை விட மனமில்லாமல் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டவர்கள், 1977 கலவரத்துக்குப் பிறகு வேறு வழியில்லாமல் கிளம்பியவர்கள், இவர்கள் பாதி மதிப்போடு வந்து சேர்ந்தார்கள். மண்ணின் மேல் வைத்த பாசத்துக்கு அரசுகள் விதித்த அபராதம் என்று இதைச் சொல்லலாம். எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத அபராதம். செலாவணிப் பட்டியலில் மட்டும் எழுதியிருந்தது. 1893இன் அதிகாரிக்குக் கிடைத்த ஈட்டுப்படி இவர்களுக்கு வேண்டும் என்று எந்த நாடாளுமன்றத்திலாவது யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

6

வாசகத்தில் இன்னொரு சொல் இருக்கிறது. 'குடும்பம்'. வரம்பு ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு.

சேமலாபக் கணக்கு ஆளின் பேரில் இருந்தது. கொழுந்து கிள்ளியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவளுக்கென்று ஒரு எண், அவளுக்கென்று ஒரு வரவு. வாழ்நாளில் அவள் பேருக்கு இருந்த ஒரே சொத்து அதுவாகவே இருந்திருக்கும். மாதக் கூலியைப் புருஷனோ தகப்பனோ போய் வாங்குவது தோட்டத்தில் வழக்கம். ஆனால் நிதியில் விழுந்த காசை மாதாமாதம் யாரும் கைநீட்டி வாங்க முடியாது. கல்லுக்கடைக்கும் அது எட்டாது. எல்லை தாண்டும்போது அந்தத் தனிக்கணக்கு குடும்பக் கணக்கில் கலக்கிறது. குடும்ப அட்டை குடும்பத் தலைவர் பேரில். தலைவர் என்றால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்தியாவில் மறுவாழ்வுக் கடனும் அந்த அட்டையின் பேரில்தான்.

என் அப்பாயி 1972இல் வந்தவர். தலைமன்னாரிலிருந்து 'ராமானுஜம்' கப்பலில் ராமேஸ்வரம். ஒருமுறை அந்தக் காசைப் பற்றிக் கேட்டேன். "கிள்ளுனது நானு, ரேகை வச்சது நானு, எண்ணி வாங்குனது ஒங்க தாத்தா. மண்டபத்துல வச்சே பாதி போச்சு, மிச்சம் எங்க போச்சுன்னு அவுருக்கே தெரியாது" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். தாத்தாவைக் கெட்டவராகக் காட்ட இதை எழுதவில்லை. அவரும் முப்பது வருஷம் கவ்வாத்து வெட்டிய கைதான். இரண்டு அரசுகள் சேர்ந்து ஒரு பெண்ணின் தனிக்கணக்கை மூடி அதை ஒரு ஆணின் கையில் கொடுத்தன; அவர் கையில் அது நிற்கவில்லை. ஆணாதிக்கம் என்று நாம் பேசும்போது வீட்டுக்குள்ளேயே தேடுகிறோம். ராஜதந்திர ஒப்பந்தத்தின் ஒரு பெயர்ச்சொல்லிலும் அது உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பாயி பேச்சில் அது 'சேமலாபம்'. தமிழ்நாட்டு அரசுத் தமிழில் அதே பொருளுக்கு 'வருங்கால வைப்பு நிதி'. அங்கே 'பிரஜாவுரிமை', இங்கே 'குடியுரிமை'. ஒரே மொழிதான், ஆனால் அலுவலகத்தில் போய் நின்று சேமலாபம் என்று சொன்னால் குமாஸ்தா முகத்தைப் பார்ப்பார். காசை மாற்றுவதோடு சொல்லையும் மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு எந்த வங்கியிலும் விகிதம் எழுதிப் போடவில்லை. போதாததற்கு இவர்களுக்கு ஒரு பேரும் வைத்தார்கள்: 'தாயகம் திரும்பியோர்'. ஹட்டனிலும் பதுளையிலும் பிறந்தவர் திரும்புவது எங்கே? ஊர்க்காரர்கள் இன்னும் நேர்மையாக இருந்தார்கள். 'சிலோன்காரங்க' என்றார்கள்.

7

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் முடிவதற்குள், 1964 டிசம்பரில், புயல் தனுஷ்கோடியை அழித்தது. போன வழியே இல்லாமல் போனது. வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். மண்டபம் யாருக்கும் புதிது இல்லை; கூலிக்காரர்களை இலங்கைக்கு அனுப்பும் முன் நோய் இருக்கிறதா என்று பரிசோதித்து அடைத்துவைத்த இடம் அதுதான். போகும்போது உடம்பைச் சோதித்த வாசலில், வரும்போது அட்டையைச் சோதித்தார்கள்.

அங்கிருந்து ஆரம்பித்தது வேறொரு கணக்கு. வியாபாரக் கடன், வீட்டுக் கடன். 1969இல் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்கென்று ரெப்கோ வங்கி ஏற்படுத்தப்பட்டது. 1968இல் நீலகிரியில் வனத்துறையின் கீழ்த் தொடங்கிய தேயிலைத் திட்டம் 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமானது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கங்களில் பல குடும்பங்கள் மறுபடியும் கொழுந்துக் கூடையைத் தூக்கின. உதவியே செய்யவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் உதவியின் வடிவத்தைக் கவனிக்க வேண்டும். நாற்பது வயதில், ஐம்பது வயதில், கொழுந்து கிள்ள மட்டுமே தெரிந்தவரிடம் 'வியாபாரம் செய்' என்று கொடுக்கப்பட்ட கடன் அது. பெட்டிக்கடை வைத்தார்கள், நஷ்டமானார்கள், கடன் நின்றது.

இப்போது மொத்தத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கலாம். துண்டு என்ற கடன் காகிதத்தோடு மலையேறினார்கள். மூன்று தலைமுறைக்குப் பிறகு சேமலாபம் என்ற வரவுக் காகிதம் கிடைத்தது. அந்த வரவைத் தொட வேண்டுமென்றால் நாட்டைவிட்டுப் போக வேண்டியிருந்தது. போய் இறங்கிய இடத்தில் அது கரைந்து, அதன் இடத்தில் மறுபடியும் ஒரு கடன் காகிதம் வந்தது. இதை நாடு திரும்புதல் என்று வாசிப்பதா, கடனுக்குத் திரும்புதல் என்று வாசிப்பதா? இரண்டாவது வாசிப்புக்கே ஆதாரம் அதிகம்.

கப்பல் 1984இல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு வாங்கிவிட்டுப் போக முடியாமல் மலையகத்திலேயே தங்கிவிட்டவர்கள் பல்லாயிரம் பேர். அவர்களுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை கொடுத்தது. ஆக, போயிருக்கவே வேண்டியதில்லை என்று ஒரு சட்டமே பின்னால் சொல்லிவிட்டது; போனவர்களுக்கு அதனால் என்ன?

இது பழங்கதை இல்லை. கூடலூர்ப் பக்கம் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் வயசாயிற்று. வேலை முடிந்தால் லயத்தைக் காலிசெய்ய வேண்டும் என்ற விதி அங்கேயும் உண்டு. 2022இல் தேயிலைக் கழகத்தின் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக்கொடுக்க அரசு முடிவெடுத்தபோது, அந்த மலைகளில் எழுந்த கேள்வி 1964இல் கேட்கப்படாத அதே கேள்விதான்: உழைத்து முடித்தவர் எங்கே போவது, எதை எடுத்துக்கொண்டு? வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் கையில் கொடுத்து வாசலைக் காட்டுவது இரண்டாம் முறை நடக்கிறது. இந்தத் தடவை நடுவில் கடல் இல்லை.

கடைசியாக, இதை வாசிக்கும் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும், சமவெளியில் திருச்சி, சேலம் பக்கத்திலும் இன்னும் பல வீடுகளில் டிரங்குப் பெட்டிகள் இருக்கின்றன. அதற்குள் குடும்ப அட்டை, கடவுச்சீட்டு, சேமலாப நிதியின் கடிதம், மண்டபத்தில் கொடுத்த ரசீது. கரையான் முந்துவதற்குள் நாம் முந்த வேண்டும். ஊர்வாரியாகப் படி எடுங்கள். எந்தத் தோட்டம், எத்தனை வருஷம், எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் எந்த விகிதத்தில் மாற்றினார்கள், யார் பேரில் இருந்ததை யார் வாங்கினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். முக்கியமாகப் பாட்டிமார்களிடம் கேளுங்கள். நாலாயிரம் என்ற எண்ணை இரண்டு பிரதமர்கள் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். அவரவர் வீட்டு எண் என்ன என்பது இன்னும் எழுதப்படவில்லை.